பதினொன்று இருபது

ஆவுடையப்பன் சாவியை அவள் கையில் கொடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் அதன் கனம் உள்ளங்கையிலேயே இருப்பதுபோல் இருந்தது செண்பகவல்லிக்கு, சாவி என்னவோ ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கி ஆடிக்கொண்டுதான் இருந்தது. ரோடு நேராகப் போனது. அமெரிக்காவின் இந்த வயோமிங்கில் ரோடுகள் இப்படித்தான், வளைவதற்குக் காரணம் கிடைக்காமல் நேராகவே போய்க்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் சாம்பல் பூத்த புதர், கம்பி வேலி, வேலிக்கு அப்பால் நாலைந்து மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. ஆர்வி என்று அவர் சொல்வார், அவள் வீட்டுவண்டி என்று பெயர் வைத்திருந்தாள். இருபத்தாறு அடி நீளம், உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிக்கிற இடம், எல்லாம். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கியது. இரண்டு கோடைகாலமாகச் சின்னச் சின்ன ஊர்களையும் பூங்காக்களையும் அதில் சுற்றிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், சுற்றிப் பார்ப்பதென்றால் அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு அவள் ஓட்டுகிறாள். அவர் பின்னால் படுத்திருக்கிறார். முன்சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு பழுப்புத் திரை, வெயில் முகத்தில் அடிக்கிறதென்று அவரே இழுத்துவிட்டுக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் அந்தத் திரைதான் தெரிகிறது. திரை அசைகிறது. வண்டி அசைந்தால் திரையும் அசையத்தானே செய்யும். மணி பதினொன்று ஐம்பது. அரை மணி நேரமாக அவள் கண்ணாடியைப் பார்க்கிறாள், ரோட்டைப் பார்க்கிறாள், மணியைப் பார்க்கிறாள், மறுபடி கண்ணாடியைப் பார்க்கிறாள், காலை மட்டும் ஆக்ஸிலரேட்டரில் இருந்து எடுக்கவில்லை.

இடது கையால் கொடுத்தார். அதுதான் போய்ப் போய் இடறுகிறது. கோயில் உண்டியலில் காசு போடுகிற குழந்தையைக்கூட, வலது கை எங்கே என்று கேட்கிற மனுஷர், கல்யாணமான நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இடது கையால் வாங்கியதில்லை, நீட்டியதில்லை, அவர் சாவியை இடது கையால் நீட்டினார். வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் அந்த மியூசியத்தில் இருந்தே முகம் ஒருமாதிரிதான் இருந்தது. ரேவன் கிரீக் என்று ஒரு ஊர், மொத்தமே ஒரு தெரு, தெருக்கோடியில் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் டைனோசர் எலும்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எந்த ஊர் மியூசியமானாலும் அவர் ஒவ்வொரு அட்டையையும் இங்கிலீஷில் உரக்கப் படித்துவிட்டுப் பிறகு தமிழில் அவளுக்கு விளக்குவார், பள்ளிக்கூட நூலகத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு அட்டை படிக்கத் தெரியாதா என்ன, ஆனாலும் ம் கொட்டிக்கொண்டே நடப்பாள். இன்றைக்கு மூன்றாவது எலும்பில் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றுபோனார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி அதே வார்த்தையில் நின்றார். கண்ணாடியில் அழுக்கு என்றார், வா போவோம் என்றார். இன்னும் நாற்பது அட்டை பாக்கி இருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைக்கக்கூட இல்லை, விறுவிறுவென்று வாசலுக்கு நடந்துவிட்டாள், அவர் பின்னால் எப்படி நடந்து வந்தார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் குழாயைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றார், பெட்ரோல் நிறைந்து குழாய் டக்கென்று நின்ற பிறகும் நின்றார். அப்புறம் சுற்றி அவள் பக்கம் வந்து கதவைத் திறந்தார். "ஏட்டி, நீ ஓட்டுதியா," என்றார். "எனக்கு ஒருமாதிரியா இருக்கு. கொஞ்சம் சாயுதேன்." சாவியை நீட்டினார். இந்த வண்டியை அவள் தொட்டதே இல்லை, அகலம் உனக்குப் பிடிபடாது என்று சொல்லியே தொடவிடாமல் வைத்திருந்தார். ஒருமாதிரியா என்றால் என்ன மாதிரி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் கேட்டது, கண்ணாடியை எப்படித் திருப்புவது என்று. அதற்கு அவர் பதில் சொன்னார், நன்றாகத்தான் சொன்னார், ஐம்பத்தைந்துக்கு மேல் போகாதே என்றும் சொன்னார், பின்னால் ஏறிப் படுத்தார், திரையை இழுத்துக்கொண்டார். அப்போது மணி பத்தே முக்கால்.

முதல் அரை மணி நேரம், அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை, முதல் அரை மணி நேரம் அவள் ஆயுசிலேயே ஒன்று இரண்டு தடவைதான் வந்திருக்கக்கூடிய மாதிரியான நேரம். உயரத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது ஒரு அதிகாரமாக இருந்தது. எதிரே வந்த லாரிக்காரன் ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான், இந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கம் அது, எப்போதும் அவருக்கு வைப்பார்கள், இன்றைக்கு அவளுக்கு வைத்தான், அவளும் இரண்டு விரலைத் தூக்கினாள். காற்று பக்கவாட்டில் வந்து மோதியது, வண்டி மாடு மாதிரி ஒருக்களித்தது, அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள், அகலம் பிடிபட்டுவிட்டது, பிடிபடாமல் என்ன. ஒஹாயோவுக்கு வந்த புதிதில் ஒரு காலி மைதானத்தில் அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், பிரேக், பிரேக் என்று கத்திக்கொண்டே இருந்தார், அவள் பிரேக் போட்டு, கதவைத் திறந்து, பனியில் இறங்கி இரண்டு மைல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள், பிறகு கூட வேலை பார்த்த டோரத்திதான் ஓட்டப் பழக்கினாள். அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. காலையில் எழுந்து டீ போட்டு அவள் கையில் கொண்டுவந்து தருகிறவர், அவள் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் காலைப் பிடித்துத் தூக்கி வைத்து இறக்கி வைத்தவர். ஆனால் வண்டி அவருடையது, வழி அவருடையது, எங்கே நிறுத்தவேண்டும் என்பதும் அவருடையது. முப்பத்துநாலு வருஷம் பாலங்களைப் பரிசோதிக்கிற எஞ்சினியராக இருந்தார். இப்போதும் ஏதாவது ஒரு சின்னப் பாலம் வந்தால் ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கீழே குனிந்து பார்ப்பார், துரு, விரிசல், போல்ட்டு. அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள். எத்தனை பாலம், எத்தனை உட்கார்வு. இன்றைக்கு இரண்டு பாலங்களை நிறுத்தாமல் கடந்தாள். இரண்டாவது பாலம் கடக்கும்போது வாய் தானாக ஏதோ ஒரு ராகத்தை முனகத் தொடங்கியது, அவள் அதைத் தடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே முனகினாள். ஐம்பத்தைந்து அறுபத்திரண்டாக ஆனது.

அந்தச் சத்தம் அப்போதுதான் வந்தது. தம்ளராகத்தான் இருக்கும். காலையில் டீ குடித்த எவர்சில்வர் தம்ளரை எங்கே வைத்தாள், மேடையில் வைத்தாள், கழுவவில்லை, ஒரு இறக்கத்தில் உருண்டு கீழே விழுந்திருக்கும். முதலில் ஒரு தட் என்று, கொஞ்சம் கனமான தட், தம்ளர் அப்படி விழாது, புத்தகப் பை விழுந்திருக்கலாம், மேல் அலமாரிக் கதவு திறந்துகொண்டிருக்கலாம், அதன் பூட்டு சரியில்லை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். தட்டுக்கு அப்புறம் இன்னொன்று. அது உலோகச் சத்தம் இல்லை. காற்று ஜன்னல் ரப்பரில் புகுந்தால் அப்படி வரும். செம் என்று தொடங்கி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. செம்பா என்று அவளைக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் இப்போது ஒருவர்தான் மிச்சம், அதுவும் எப்போதும் கூப்பிடமாட்டார், சாதாரணமாக ஏட்டிதான், காய்ச்சலில் கிடக்கும்போது செம்பா, அவர் அம்மா இறந்த சேதி வந்தபோது செம்பா. காற்றுதான். மணியைப் பார்த்தாள், பதினொன்று இருபது. சும்மா கேட்ட ஒரு சத்தத்துக்கு எதற்கு மணியைப் பார்த்தாள், அதுதான் கேள்வி, தம்ளர் உருண்டால் யாராவது மணியைப் பார்ப்பார்களா. வலது பக்கம் வண்டிகள் ஒதுங்குவதற்கென்று அகலமாக ஒரு இடம் வந்தது, குப்பைத்தொட்டியும் ஒரு அறிவிப்புப் பலகையும் இருந்தன, கால் பிரேக்குக்குப் போனது. போய் அதைத் தொட்டது. நிறுத்தினால் திரையை விலக்கிக்கொண்டு அவர் வருவார், இப்போ தேவலை, நகரு என்பார், முன்சீட்டில் உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளிச் சரிசெய்துகொள்வார், அவள் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்காரவேண்டும், அவ்வளவுதான், தீர்ந்தது. இன்னும் பத்து நிமிஷம் என்று நினைத்தாள். பத்தே பத்து நிமிஷம். ஒதுங்குமிடம் பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தது. முனகல் மட்டும் நின்றுவிட்டிருந்தது, அதை அவள் நிறுத்தியதாக ஞாபகம் இல்லை.

பத்து நிமிஷம் முப்பது நிமிஷம் ஆகிவிட்டது. இப்போது நிறுத்துவது அப்போது நிறுத்துவதைவிடக் கஷ்டம். அப்போது நிறுத்தியிருந்தால் என்ன அத்தான் கூப்பிட்டேளா என்று கேட்டிருக்கலாம். இப்போது நிறுத்தினால் ஏன் அப்போதே நிறுத்தவில்லை என்பதும் கூடவே எழுந்து வந்து நிற்கும். தூங்குகிறார். தூங்கட்டும். தூங்கினால் குறட்டை விடுவார், பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் வந்து புகார் சொல்கிற அளவுக்கான குறட்டை, எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை, மற்ற நாட்களில் அவர் ஓட்ட அவள் பின்னால் படுத்திருக்கும்போது அவர் இருமுவதுகூடக் கேட்கும், எஞ்சின் அன்றைக்கும் இதே எஞ்சின்தான். ரேடியோவைப் போடலாமா என்று கை போனது, திரும்பி வந்தது. அத்தான், என்றாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது திரையைத் தாண்டிப் போகிற குரல் இல்லை, எதிரே கண்ணாடியில் பட்டு அவளிடமே திரும்பி விழுகிற குரல். அவர் காதில் விழவேண்டாம் என்று பார்த்துச் சொன்ன அத்தான். ஒரு ஊர் வந்தது. மக்கள் தொகை அறுபத்திரண்டு என்று பலகை. தானியக் கிடங்கு ஒன்று வெள்ளையாக நின்றது, மூடிப்போன சினிமாக் கொட்டகை, ஒரு சர்ச், ஒரு சாப்பாட்டுக் கடை, கடை வாசலில் இரண்டு வண்டிகள், ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு அவளைப் பார்த்தார். இங்கே நிறுத்தலாம். ஆள் இருக்கிறார், கடைக்குள் போன் இருக்கும். முப்பது மைல் வேகத்தில் ஊரைக் கடக்க ஒன்றரை நிமிஷம் ஆனது, அந்த ஒன்றரை நிமிஷமும் அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ அவளைத் தூக்கி வெளியே போட வருகிற மாதிரி. ஊர் முடிந்தது. வேகம் மறுபடி ஏறியது. ஓட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் அவர் தூங்குகிறார். திரையை விலக்காதவரை தூங்குகிறார். இன்றைக்குப் போய்ச் சேரவேண்டிய பூங்கா இன்னும் இருபது மைல் என்று பச்சைப் பலகை சொன்னது, பூங்காவில் எப்படியும் நிறுத்தித்தானே ஆகவேண்டும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. அதை இப்போது யார் கூப்பிட்டார்கள். அது ஒரு வியாழக்கிழமை, சமையல்கட்டுத் தரை, மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட லினோலியம், அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலுக்கு நடுவே துணியை வைத்துக்கொண்டு அவருடைய ஆபீசுக்குப் போன் செய்தாள். ஐந்தாவது மாசம். ஆபீசில் ஒரு பெண் எடுத்தாள், அவர் பாலத்தில் இருக்கிறார், ரேடியோவில் சொல்கிறேன் என்றாள், சொன்னாள். அவருக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. வந்தது மூன்று மணி நேரம் கழித்து. அதற்குள் மேல்வீட்டு அம்மாள் கீழே வந்து பார்த்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள், அதற்குள் எல்லாம் முடிந்தும் விட்டது. இவ்வளவு சீரியஸ் என்று தெரியாது என்றார். பாதியில் இறங்க முடியாத இடம் என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதார், அவர் அழுது அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதற்காகவே அவள் அதை மூடி வைத்துவிட்டாள், இரண்டு வருஷம் கழித்து காந்திமதி பிறந்தாள், வளர்ந்தாள், சியாட்டிலில் வேலை பார்க்கிறாள், யாரும் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேசியதில்லை. அவளும் நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சேதி போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது. கேட்டும் வரவில்லை என்பது. இல்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, கணக்குத் தீர்க்கிறவள் இல்லை அவள், சாவி போய்விடும் என்றுதான் நிறுத்தவில்லை, அற்பக் காரணம்தான், அற்பமாகவே இருக்கட்டும், அந்த இன்னொரு காரணம் மட்டும் வேண்டாம். ஒதுங்குமிடத்தைத் தாண்டியபோது மனசில் என்ன இருந்தது என்று தோண்டிப் பார்த்தாள். சந்தோஷம்தான் இருந்தது. அதற்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்கத் துணிவில்லை. ரோடு இறங்கத் தொடங்கியது, பைன் மரங்கள் ஒன்றிரண்டாக வந்து பிறகு கூட்டமாக வந்தன, சிவப்புப் பாறைகள் தெரிந்தன, அவர் இரண்டு மாசமாகப் படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்த பாறைகள். அவள் கன்னம் நனைந்திருந்தது. கண்ணாடியில் திரை அசைந்தது.

பூங்கா வாசலில் சின்னதாக ஒரு மரக்கூண்டு. அதற்கு முன் வண்டி நின்றுதான் ஆகவேண்டும். நின்றது. கூண்டுக்குள் அவள் வயசை ஒத்த ஒரு பெண், பழுப்புச் சட்டை, நரைத்த பின்னல், ஜன்னலைத் தள்ளி, நல்ல காற்று இல்லையா இன்றைக்கு என்று விசாரித்துவிட்டு, வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றாள் செண்பகவல்லி. சொன்ன வாய் மூடவில்லை. அந்தப் பெண் சீட்டைக் கிழித்து நீட்டினாள், இவள் கை அதை வாங்க நீளவில்லை. பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. ஒரு நிமிஷம், என் வீட்டுக்காரர் பின்னால் படுத்திருக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்ற வெட்கம்கூட வந்தது. எஞ்சினை நிறுத்தினாள். எல்லாச் சத்தமும் நின்றது. அந்த அமைதியில் திரைக்குப் பின்னால் இருந்து மூச்சுச் சத்தம் வந்தது, குறட்டை இல்லை, ஈரமாக ஏதோ அடைத்துக்கொண்டு போய் வருகிற மூச்சு, வெகு பக்கத்தில் இருந்து. திரையை விலக்கினாள். அவர் கட்டிலில் இல்லை. தரையில் குப்புற, தலை அவள் பக்கமாக. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது, இடது கை முன்னால் நீண்டு மேஜைக் காலைப் பற்றியிருந்தது. கட்டிலில் இருந்து திரைவரைக்கும் எட்டடி. அதில் ஐந்தடி வந்திருந்தார். முகம் ஒருபக்கம் கழற்றிப் போட்டமாதிரி தொங்கியது, எச்சில் தரையில் வடிந்து காய்ந்து மறுபடி வடிந்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது, இப்போதுதான் பார்ப்பதாக இல்லை, வெகுநேரமாக அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த கண் அது. தம்ளர் மேடையில் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, அடியில் கொஞ்சம் டீ.

அதற்கப்புறம் அவள் செய்ததை எல்லாம் யாரோ செய்ததாகத்தான் பிறகும் நினைவிருந்தது. கூண்டில் இருந்த பெண் ஓடிவந்தாள், பார்த்தாள், இடுப்பில் இருந்த ரேடியோவில் பேசினாள், அவரைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லிக் காட்டினாள், பின்னால் காரில் வந்தவர்கள் ஒரு போர்வை கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் தலை அவள் மடியில் இருந்தது. அத்தான், அத்தான் என்று இப்போது நன்றாக உரக்கச் சொன்னாள். முப்பத்தைந்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது, ஓட்டி வந்தவர் ஒரு பெரியவர், கூடவே கனத்த உடம்பும் மென்மையான கையுமாக ஒரு பெண். பக்கவாதம் என்று அந்தப் பெண் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். பிறகு செண்பகவல்லிக்கு எதிரே மண்டியிட்டு, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, கடைசியாக இவர் நன்றாக இருந்து நீங்கள் பார்த்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பத்தே முக்கால் என்றாள் செண்பகவல்லி. அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். விளக்கிச் சொன்னாள். அடைப்பைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு, பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும், தாண்டி ஏற்றினால் தலைக்குள் ரத்தம் கசியும் என்று ஏற்றமாட்டார்கள். அந்த வசதி இருக்கிற ஆஸ்பத்திரி இரண்டேகால் மணி நேர ஓட்டம். பத்தே முக்கால் என்றால் மூன்றேகாலோடு முடிந்துபோகும், நாம் போய்ச் சேரவே மூன்றரை ஆகும். "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்," என்றாள். "அதற்குப் பிறகு அவர் பேசினாரா. ஒரு வார்த்தையாவது. எதையாவது கேட்டீர்களா."

தம்ளர் என்று சொல்லலாம். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லலாம், எஞ்சின் சத்தம், திரை வேறு, யாரும் குறை சொல்லமாட்டார்கள், நாலு பேர் சுற்றி நின்று ஐயோ பாவம் என்கிற கண்ணோடு பார்க்கிறார்கள், அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் இடது கை அவள் கைக்குள் இருந்தது, சூடாக, பலமாகப் பிடித்துக்கொண்டு. அவர் இங்கிலீஷ் அவளுடையதைவிட நல்ல இங்கிலீஷ். செம் என்று தொடங்கி இழுத்துக்கொண்டு போனது அவள் காதுக்குள் மறுபடி போனது, காற்று இல்லை, ரப்பர் இல்லை, வாய் கோணத் தொடங்கிய மனுஷர் செம்பா என்பதை முழுசாகவே ஒரு தடவை சொல்லி முடித்திருந்தார், பா என்பது வரைக்கும் அவள் கேட்டிருந்தாள்.

"பதினொன்று இருபதுக்கு என்னைக் கூப்பிட்டார்," என்றாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டது. நான் நிறுத்தவில்லை."

அந்தப் பெண் பதினொன்று இருபதுவரை பேச்சு இருந்தது என்று ரேடியோவில் சொன்னாள், கையுறையின் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி அதில் பேனாவால் மணியை எழுதினாள், மூன்று ஐம்பதுவரை நேரம் இருக்கிறது என்று பெரியவரிடம் சொன்னாள், இருவருமாக அவரைத் தூக்கினார்கள். செண்பகவல்லியின் கைக்குள் இருந்த கை விட்டுப் போயிற்று. தூக்கியதால் விட்டதா, விட்ட பிறகு தூக்கினார்களா. கூண்டுக்காரப் பெண் அவள் தோளைத் தொடுவதற்குக் கையைக் கொண்டுவந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள், அல்லது அப்படித் தோன்றியது, வண்டியை நான் ஓரமாக எடுத்து வைக்கிறேன், சாவியைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

பின்னால் இடமில்லை என்று அவளை முன்னால் பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு சின்ன ஜன்னல், திறந்தே இருந்தது, அது வழியாக ஏதோ ஒரு கருவி பீப் பீப் என்றது, அந்தப் பெண் அவரிடம் மெல்லிய குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். மருந்து அன்று மூன்று நாற்பதுக்கு ஏறியது, உயிரைப் பிடித்து நிறுத்தியது, இடது கையையும் புத்தியையும் காதையும் விட்டுவைத்தது, பேச்சைத் திருப்பித் தரவில்லை, அதெல்லாம் பிற்பாடு. இப்போது வந்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். அறுபத்திரண்டு பேர் ஊர் வந்து போனது. தொப்பிக் கிழவர் இல்லை. அதற்கப்புறம் அந்த ஒதுங்குமிடம், குப்பைத்தொட்டி, அறிவிப்புப் பலகை, அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள், திருப்பிய பக்கத்தில் பெரியவரின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. கேட்டது, நான் நிறுத்தவில்லை. சொல்லியாகிவிட்டது. இதைவிட ஒன்றும் இனி இருக்கமுடியாது என்று ஒரு வெறும் நிம்மதிகூட வந்து சில மைல்கள் கூடவே வந்தது. இரண்டு மணிக்கு போனில் சிக்னல் வந்தது, வந்த கையோடு அது அதிரத் தொடங்கியது. காந்திமதி. பூங்காவில் போட்டோ எடுத்தீர்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். செண்பகவல்லி விஷயத்தைச் சொன்னாள், ஆஸ்பத்திரிப் பெயரைப் பெரியவரிடம் கேட்டுச் சொன்னாள், மகள் அழுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த விமானத்திலேயே வருகிறேன் என்றாள் மகள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்பா உன்னைக் கூப்பிடவே இல்லையாம்மா?"

பீப் பீப் என்றது. அந்தப் பெண் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள் செண்பகவல்லி. "தூங்கிட்டிருக்காங்கன்னுதான் நெனச்சேன். ஒரு சத்தமும் வரலை."

நீ என்னம்மா செய்வாய், உன் தப்பு ஒன்றும் இல்லை என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமாம், ஆமாம் என்றாள் இவள். ஜன்னல் அவள் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் திறந்திருந்தது. அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர், அதில் தமிழ் தெரிந்தவர் ஒருவர். செண்பகவல்லி திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.